ஹெட்போன் கேட்டுக்கொண்டிருந்தது

ஸ்பீக்கரில் ‘பொத்’ என்று ஒரு சத்தம் வரும். பழைய கம்ப்யூட்டரின் ஸ்விட்சைப் போட்டதும், திரையில் ஓர் எழுத்து முளைப்பதற்கு முன்பே, சவுண்டு கார்டுக்குள் கரண்ட் ஏறுகிற நொடியில் வரும் சத்தம். யாரோ மைக்கை உதட்டருகே கொண்டுபோய்விட்டுப் பேச மனமில்லாமல் நிற்பதுபோல இருக்கும். பிறகு ஒரு மெல்லிய இரைச்சல். பிறகு சூடேறும் தூசியின் வாசனை, நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையில் யாரோ இஸ்திரி போடுவதுபோல.

அந்தச் சத்தம் கேட்டால் நான் பெரம்பலூரில் இருப்பேன். பழைய பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மாடியறையில், மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் ஒரு மேசை விசிறிக்கும் நடுவில், இருபத்து நான்கு வயதில். பக்கத்து நாற்காலியில் அவன் இருப்பான், என்னோடு அந்தக் கம்ப்யூட்டர் சென்டரை நடத்திய நண்பன்.

இப்போது நான் இருப்பது அரியலூரில். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரிகளை எடைபோடும் அறையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கல்லை உடைத்தால் சில சமயம் உள்ளே நத்தைக் கூடு சுருண்டு கிடக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். அந்தக் கடலைத்தான் டன் டன்னாக எடைபோட்டு அரைக்க அனுப்புகிறேன். மாவாகத் திரும்பி வந்து அது எங்கள் வீட்டு அலமாரியில், தலையணை உறையில், நான் பாதியில் விட்ட கவிதை நோட்டுகளின் தாள்களுக்கிடையில் படிகிறது. துடைக்கத் துடைக்கக் கடல்.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஒரே ஊருக்குள் ஆறு வாடகை வீடு மாறியாகிவிட்டது. போன வருஷம் பிடித்த கிறுக்கு இது: பழைய ஆட்டங்கள் விளையாட ஒரு பழைய கம்ப்யூட்டரை நானே கட்டுவது. சுரங்கத்துக்குள் துப்பாக்கியோடு ஓடும் ஆட்டம், கார் பந்தயம், பறக்கும் தட்டு. திருச்சியில் பழைய சாமான் கடையில் போர்டு கிடைத்தது. துருப்பிடித்த கேபினெட் இன்னொரு இடத்தில். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துகொள்வேன்.

“எல்லார் வூட்லயும் பழைய இரும்ப எடைக்குப் போடுவாங்க. எங்க வூட்லதான் எடைக்கு வாங்கியாறாங்க,” என்பாள் மனைவி, விரித்த தாளைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டே.

எல்லாம் சேர்ந்தது. சத்தம் மட்டும் சேரவில்லை. அந்த ஆட்டங்கள் அந்தக் காலத்துச் சவுண்டு கார்டோடு மட்டும்தான் பேசும். கருப்பு நிறத்தில் சாண் நீளத்துக்கு ஒரு ஸ்லாட், அதில் நிமிர்ந்து நிற்கும் பச்சை அட்டை. பின்னால் வந்த கம்ப்யூட்டர்களில் சத்தம் போர்டோடு ஒட்டியே பிறந்துவிடுகிறது. அதை இந்த ஆட்டங்களுக்கு அடையாளம் தெரியாது. துப்பாக்கி வெடிக்கும், ஓசை வராது. கார் மோதும், ஓசை வராது. ஊமைப் படம் பார்ப்பதுபோலக்கூட இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ கத்துவதைப் பார்ப்பதுபோல இருந்தது.

அப்படி ஒரு கார்டு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஆறு மாதம் வேறெங்கோ தேடினேன்.

எங்கள் சென்டரை மூடும்போது அந்தக் கார்டு இருந்த கம்ப்யூட்டரை அவன் எடுத்துப்போனான். லப்பைக்குடிக்காட்டில் அவன் வீட்டில் இருந்தது. அவன்தான் இல்லை. சென்டரை மூடிய மாதமே வளைகுடாவுக்குப் போனான். ஏழாவது மாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையிடத்தில் நிழலில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவனுக்கு மகள் பிறந்து அப்போது இருபது நாள்.

துக்கம் கேட்க நான் போனபோது அவன் மனைவி இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்க்கமாட்டாள். கதவுநிலையில் ஒரு திரை. மஞ்சள் பூப்போட்டது. திரைக்கு அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. என்ன பேசுவதென்று தெரியாமல் திரையிடம் சொன்னேன்.

“நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். அவன் கேக்கல.”

 பிறகு திரை சொன்னது: “நீங்க சொன்னா கேட்டுருக்கணும்ணே.”

அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேனா, நம்பிச் சொன்னேனா, எனக்கே தெரியாது. ஆனால் அதன்பின் இருபது வருஷத்தில் அந்தக் காட்சி எனக்குள் கட்டடமாக எழுந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடை. அவன் போட்டிருந்த கோடுபோட்ட சட்டை. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து, “வேணாண்டா, புள்ளத்தாச்சிய வுட்டுட்டு எங்கடா போற,” என்கிறேன். அவன் கையை உருவிக்கொள்கிறான். டீ கிளாஸின் சூடுகூட விரலில் இருக்கிறது. என் மனைவியிடம், ஆபீசில், அவன் உறவுக்காரர்களிடம், யாரிடம் சொன்னாலும் இதையேதான் சொன்னேன். தூக்கம் வராதபோது எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் போன மாசியில் பஸ் ஏறினேன். கார்டு கேட்கத்தான். வேறு நல்ல எண்ணம் இருந்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அவன் மனைவி என்னை எப்போதும்போல “வாங்கண்ணே” என்றாள். நரைத்திருந்தாள். அந்த இருபது நாள் குழந்தை இப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் படிக்கிறாள். கேட்டதும் அவளே பரணில் ஏறிப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிக்கிடந்த பெட்டியை இறக்கினாள். கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, ஒண்ணு கேப்பேன். இதுல அத்தா கொரலு எதாச்சும் இருக்குமா?”

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன்.

“இவ கேட்டதே இல்லல்ல,” என்றாள் அவள். “ரெண்டு தடவ பக்கத்து வூட்டு போனுக்குப் பேசுனாரு. இவ வயித்துல இருந்தா. நிக்காஹ் வீடியோவுல வர்றாரு, பேசுறாரு, சிரிக்கிறாரு. வீடியோக்காரன் மேல முழுக்க இஸ்லாமியப் பாட்டப் போட்டு வச்சிருக்கான். ஒதடுதான் அசையுது.”

“நெறைய தடவ பாத்துட்டேன் மாமா,” என்றாள் மகள். “ஒதட்ட வச்சு என்ன பேசுறாருன்னு கண்டுபுடிக்கப் பாப்பேன். ‘தண்ணி குடுங்க’ன்னு சொல்றாப்ல ஒரு எடம் இருக்கு. அது மட்டும்தான் தேறுச்சு.”

இருக்கும் என்று சொன்னேன். ஆட்டத்தில் வரும் சத்தங்களை எடுத்துவிட்டு எங்கள் குரலைப் பதிந்து வைத்திருந்தோம் என்றேன். செத்து விழும் எதிரி தமிழில் திட்டிக்கொண்டே விழுவான். சென்டரில் அதைக் கேட்கவே பையன்கள் வருவார்கள். சொல்லும்போதே அவன் குரல் என் காதில் கேட்டது, அத்தனை நிச்சயமாக.

“அப்ப எடுத்துட்டுப் போங்கண்ணே,” என்றாள் அவன் மனைவி. “கொரல மட்டும் இவளுக்குக் காட்டிட்டு, பொட்டிய நீங்களே வச்சிக்கங்க.”

அரியலூர் கொண்டுவந்து திறந்தேன். உள்ளே செம்மண் நிறத்தில் ஒரு விரற்கடைத் தூசி, செத்த பல்லி ஒன்று, கார்டு. அதைச் சுத்தம் செய்து என் போர்டின் நீள ஸ்லாட்டில் செருகினேன். அவன் ஹார்டுடிஸ்கையும் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டால் ‘பொத்’ வரவில்லை. கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கார்டின் பொன்னிறப் பற்களின் மேல் வெளிறிய மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

சந்தனம். நான் வைத்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மூன்று பெட்டிகளையும் திறந்து, துடைத்து, ஒவ்வொரு அட்டைக்கும் பொட்டு வைப்பேன். ஒரு வருஷம் சந்தனம் தண்ணியாகப் போய்ச் சவுண்டு கார்டில் வழிந்து ஸ்லாட்டுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் அதில் சத்தம் இல்லை. அவன் நாற்காலியில் பின்னால் சாய்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது.

“ஏம் மாப்ள, இதுக்குக் காது குத்தி மொட்டையும் அடிச்சிருக்கலாம்ல?”

பிறகு அவனே கார்டைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் பற்களைத் தேய்த்துச் சரிசெய்தான். அவன் எட்டாத மூலையில் கொஞ்சம் விட்டுவிட்டான் போலிருக்கிறது. அது இத்தனை வருஷம் உள்ளேயே காய்ந்து கிடந்திருக்கிறது. நானும் ஒரு ரப்பர் வாங்கிவந்து அதே பற்களைத் தேய்த்தேன். அவன் விரல் பட்ட இடத்தில் என் விரல். ரப்பர்த் துகளில் சந்தன வாசனை வரும் என்று முகர்ந்து பார்த்தேன். வரவில்லை.

மறுபடி ஸ்விட்ச். பொத்.

ஒரு ஃபோல்டரில் எட்டு ஃபைல்கள். அந்தக் கார்டோடு வந்த புரோகிராமில் பதிந்தவை. மகனின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது எல்லாமே மழை பெய்கிற சத்தமாகத்தான் வந்தன. இந்தப் பெட்டியில்தான் வாய் திறக்கும். முதல் ஃபைலைத் தொட்டேன்.

“செத்தாண்டா சிங்காரம்.”

என் குரல். ஒல்லியாக, துடிப்பாக, எதைப் பற்றியும் கவலையில்லாத என் குரல். இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது வரை, எல்லாம் நான்.  அவன் என்று நான் இத்தனை வருஷம் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது என்னையேதான். பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எங்களிடம் மைக் கிடையாது. ஹெட்போனை மைக் ஓட்டையில் செருகி, காதில் வைக்கும் பஞ்சை வாயில் வைத்துப் பேசுவோம். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் வரும், ஆனாலும் வரும். பேசுவது நான். மௌஸைப் பிடித்துப் பதிவதும் நிறுத்துவதும் அவன். அவனுக்குக் கூச்சம். “எங் கொரலு எனக்கே புடிக்காதுடா,” என்பான்.

எட்டாவது ஃபைலில் ஒன்றுமில்லை. ஏழாவது மட்டும் நீளமானது. இரண்டு நிமிடம் நாற்பது நொடி.

விசிறிச் சத்தம். கீழே கண்டக்டர் ஒருவர் அரியலூர், அரியலூர் என்று கூவுகிறார். தடதடவென்று கீபோர்டு. பதிந்து முடித்துவிட்டு அவன் நிறுத்த மறந்திருக்கிறான். ஹெட்போன் மேசையில் கிடந்திருக்கிறது, கேட்டுக்கொண்டு. நான் பக்கத்துக் கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருக்கிறேன்.

“மாப்ள, விசா வந்துருக்கு. சகல அனுப்பிருக்காரு.”

அவன். அடித்தொண்டையில், கொஞ்சம் நிதானமாக, ‘மாப்ள’வை இழுத்து. நான் முற்றிலும் மறந்துபோயிருந்த குரல்.

“எப்ப?”

“அடுத்த மாசம். வூட்ல இன்னும் சொல்லல. அவ மாசமா இருக்கா. பொண்ணுதான்னு எனக்குத் தோணுது. போவவா, வேணாமா? நீ சொல்லு.”

கீபோர்டு நிற்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கேட்கிறது. நான் சொன்னதைவிட, சொல்லும்போது என் விரல்கள் நிற்கவேயில்லை என்பது.

“போடா. இங்க ஒக்காந்து என்னத்தக் கிழிக்கப்போற. ரெண்டு வருசம், கண்ண மூடித் தொறந்தா ஓடிரும். இரு, இரு, இந்த லெவல முடிச்சிக்கிறேன்.”

“நீ என்னிக்கு லெவல முடிச்ச?” ஒரு சிரிப்பு. விசிறி. நெடுநேரம் விசிறி. பிறகு, “சரி, போறேன்.” பிறகு பஞ்சு உரசும் சத்தம். “ஏய், இது ஓடிக்கிட்டிருக்குடா.” முடிந்தது.

டீக்கடை, கோடுபோட்ட சட்டை, அவன் மணிக்கட்டு. எதுவும் இல்லை. அந்தக் கட்டடத்தில் நான் இருபது வருஷம் குடியிருந்தேன்.

ஒரு வாரம் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. எடைமேடையில் லாரி ஏறி நிற்கும், எண் ஏறும், என் வாய் “போடா” என்று முணுமுணுக்கும். டிரைவர் எட்டிப்பார்ப்பார். கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் மேசையில் கிடக்கும் எந்த ஒயரும் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்தேன். “நீ சொல்லு” என்பதோடு வெட்டினேன். மகளுக்கு வேண்டியது அவள் அப்பாவின் குரல்தானே. அது இருக்கிறது. அவளைப் பற்றி அவன் சொன்னதும் இருக்கிறது. என்னை எதற்குக் கேட்கவேண்டும்?

அந்தக் கார்டும் டிஸ்கும் மாட்டிய பெட்டியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு பெரம்பலூர் வந்து பஸ் மாறினேன். மடியில் வைத்திருந்ததைக் கண்டக்டர் தட்டிப் பார்த்தார்.

“சார், உள்ள கோழி கீழி இல்லல்ல?”

“இல்லீங்க.”

“ஒரு மாதிரி புடிச்சிருக்கீங்க, அதான் கேட்டேன். உசுரு இருந்தா டிக்கெட்டு போடணும்.”

வீட்டில் மகள் மானிட்டரைத் தயாராக வைத்திருந்தாள். ஒயர்களை அவளே செருகினாள். அவள் அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள், உட்காரவில்லை. வெட்டிய நகலைத் தொட்டேன்.

விசிறி. அரியலூர், அரியலூர். “மாப்ள, விசா வந்துருக்கு.”

மகள் திரையைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தாள். ‘பொண்ணுதான்னு எனக்குத் தோணுது’ என்று வந்தபோது அவள் கை தன் வயிற்றைத் தொட்டுவிட்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கீழே இறங்கியது. “நீ சொல்லு.” நின்றது. வெட்டிய இடத்தில் இரைச்சல்கூட இல்லை. ஒருவன் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான், அறையில் யாருமே இல்லை என்பதுபோல இருந்தது.

நான் ஒயரைக் கழற்றக் குனிந்தேன்.

“அதுக்கு நீங்க என்னண்ணே சொன்னீங்க?”

வாசலிலிருந்து அவன் மனைவி கேட்டாள். குரலில் சந்தேகம் ஒன்றும் இல்லை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசிய அதே குரல். தெரிந்த பதிலை அவன் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறவளைப்போலக் கேட்டாள். ‘வேணாம்னு’ என்று சொல்ல என் உதடு கூடிவிட்டது. இருபது வருஷப் பழக்கம். இப்போதும் சொல்லியிருக்கலாம். அந்த வீடியோவில் அவன் உதடு அசைவதுபோல என் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

ஏழாவது ஃபைலைத் தொட்டேன். முழுசாக ஓடியது. போடா. என்னத்தக் கிழிக்கப்போற. இரு, இரு, இந்த லெவல முடிச்சிக்கிறேன். அவன் சிரித்தான். விசிறி சுற்றியது. சரி, போறேன்.

 வெளியே ஓர் ஆட்டோ வேட்டி, புடவை விலையைக் கூவிக்கொண்டு போனது.

“திரைக்கு முன்னாடி நின்னு வேணாம்னு சொன்னேன்னீங்க,” என்றாள் அவன் மனைவி.

“அப்படித்தாம்மா எனக்கு ஞாபகம் இருந்துச்சு. இப்ப கேட்டப்பறந்தான் தெரியுது.”

“ம்.” அவள் துப்பட்டியின் ஓரத்தை விரலில் சுற்றிப் பிரித்தாள். “நீங்க போவச் சொன்னது பெருசில்லண்ணே. எல்லாருந்தான் அனுப்புனாங்க, இந்த ஊர்ல யாரு அனுப்பாதவங்க. ஒங்கள்ட்ட கேட்டுருக்காரு பாருங்க, போவவா வேணாமான்னு. எங்கிட்ட டிக்கெட்டு வந்தப்பறந்தான் சொன்னாரு. நான் ஒங்கள நெனச்சு எத்தன நாள் துஆ செஞ்சிருக்கேன், அவராச்சும் தடுத்தாரேன்னு.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் மட்டும் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “மாமா, அத்தா சிரிக்கிறாருல்ல, அந்த எடத்துக்கு எப்படிப் போறது?” என்று கேட்டு, நான் காட்டியதும் மௌஸை வாங்கிக்கொண்டாள். சிரித்தான். பின்னால் தள்ளினாள். சிரித்தான். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ அவளும் அதே அளவுக்கு, அதே இடத்தில், மூச்சை விட்டுச் சிரித்தாள். அவள் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டீ வந்தது. குடித்தேன். மாலை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து, பேசிவைத்தபடி பெட்டியை எடுத்துப்போகப் பின்பக்க ஒயர்களில் கை வைத்தேன்.

“கழட்டாதீங்க,” என்றாள் அவன் மனைவி. “பொட்டி இங்கயே இருக்கட்டும். நீங்க போயிட்டு வாங்கண்ணே.”